செற்றியில் இருந்து கணினி கேம் விளையாடுதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யாழ்ப்பாணத்து வீடுகளில் கணினி பெரும்பாலும் அறைக்குள் படிப்பு மேசையில் இருக்கும். தொலைக்காட்சி ஹோலில் செற்றிக்கு எதிரே இருக்கும். இரண்டையும் இணைத்து, கொன்ட்ரோலரைக் கையில் வைத்துக்கொண்டு சாய்ந்திருந்து விளையாட முடியுமா என்று உறவினரும் அயலவரும் கேட்கத் தொடங்கிச் சில ஆண்டுகளாகின்றன. கொக்குவிலில் எங்கள் வீட்டு ஹோலில் செய்து பார்த்தவற்றையும், பிறர் வீடுகளில் போய்ப் பூட்டிக் கொடுத்தபோது கண்டவற்றையும் இங்கே கேள்வி பதிலாக எழுதியிருக்கிறேன். மேசைக்கும் செற்றிக்கும் இடையில் மாறுவது ஏறத்தாழப் பத்து அடித் தூரம் மட்டுமே. ஆயினும் மக்கள் என்னிடம் கொண்டுவருகின்ற சிக்கல்களில் முக்கால்வாசி அந்தப் பத்து அடியிலிருந்துதான் பிறக்கின்றன.

இதற்கென்று பிளேஸ்டேசனோ எக்ஸ்பொக்ஸோ வாங்குவது இலகுவல்லவா?

இலகுதான். பெட்டியை வாங்கிப் பூட்டினால் அன்றைக்கே விளையாடலாம். ஆனால் பிள்ளையின் படிப்புக்கென்று வாங்கிய கணினி ஏற்கெனவே வீட்டில் இருக்கும்போது, அதனோடு ஒரு எச்டிஎம்ஐ கேபிளும் ஒரு கொன்ட்ரோலரும் மட்டும் சேர்ந்தால் போதும் என்ற நிலையில், இன்னொரு பெட்டிக்குக் காசு கொடுப்பதா என்பதை வீட்டார் தீர்மானிக்க வேண்டும். கணினியில் பழைய கேம்களும் ஓடும். இணையத்தில் மற்றவர்களோடு விளையாடுவதற்கெனத் தனியாக மாதக் கட்டணம் பெரும்பாலும் இல்லை. அதற்கு ஈடாக, கீழே உள்ள கரைச்சல்களைச் சகிக்க வேண்டும்.

என்னுடைய கணினி அவ்வளவு வலுவானதல்ல. பெரிய திரையில் படம் மோசமாகத் தெரியாதா?

பத்து அடித் தூரம் நமக்கு உதவுகின்ற ஒரே இடம் இதுதான் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். நல்ல பார்வையுள்ள கண்ணால் பிரித்தறியக்கூடிய மிகச் சிறிய கோணம் ஏறத்தாழ ஒரு பாகையின் 60 இல் ஒரு பங்கு. மூன்று மீற்றர் தூரத்தில் அது 0.87 மில்லிமீற்றருக்குச் சமனாகும். 43 அங்குலத் திரையில் 1920க்கு 1080 என்ற அளவில் படம் வந்தால், ஒரு புள்ளியின் அகலம் ஏறத்தாழ 0.5 மில்லிமீற்றர், 55 அங்குலத்தில் 0.63 மில்லிமீற்றர். அதாவது செற்றியில் இருக்கின்ற கண்ணுக்குத் தனித்தனிப் புள்ளிகள் தெரிவதில்லை. 4கே தொலைக்காட்சி வைத்திருப்பவர்கள் கேமையும் 4கே அளவில் ஓட்ட வேண்டும் என்று நினைத்துக் கணினியை வதைக்கின்றனர். 4கே என்பது 1080 அளவைவிட நான்கு மடங்கு புள்ளிகள், எனவே கிராபிக்ஸ் அட்டைக்கு ஏறத்தாழ நான்கு மடங்கு வேலை. கேமின் அமைப்பில் 1080 அளவைத் தெரிவு செய்து, மிச்சமாகும் வலுவைச் செக்கனுக்கு 60 சட்டங்கள் (ஃபிரேம்கள்) சீராக வருவதற்குச் செலவிடுவதே என் வழக்கம். படம் சற்று மங்கலாக இருப்பதைக் கண் பொறுத்துக்கொள்ளும். திக்கித் திக்கி ஓடுவதைக் கை பொறுப்பதில்லை.

எந்தக் கொன்ட்ரோலரை வாங்க வேண்டும்?

விண்டோஸ் கணினிக்கு எக்ஸ்பொக்ஸ் கொன்ட்ரோலர்தான் மிகக் குறைந்த தொல்லை தருவது. இரண்டையும் செய்வது மைக்ரோசொப்ற் நிறுவனமே என்பதால் செருகியவுடன் வேலை செய்யும். கேம்களும் திரையில் ஏ, பி, எக்ஸ், வை என்ற அதன் பொத்தான்களையே பெரும்பாலும் காட்டும். அதன் கம்பியில்லா வகைக்கு இரண்டு ஏஏ பற்றரிகள் தேவை. மீள்மின்னேற்றக்கூடிய பற்றரிகள் நான்கு வாங்கி, இரண்டைப் போட்டு இரண்டைச் சார்ஜில் வைத்தால் மாதாமாதம் கடைக்கு ஓட வேண்டியதில்லை.

பழையதை வாங்குபவர்களுக்கு ஓர் அடையாளம் சொல்கிறேன். 2013 இல் வந்த முதல் எக்ஸ்பொக்ஸ் வன் கொன்ட்ரோலரில் புளூடூத் இல்லை. 2016 இலிருந்து வந்தவற்றில் உண்டு. நடுவிலுள்ள எக்ஸ்பொக்ஸ் பொத்தானைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக், முகப்பின் அதே துண்டாக இருந்தால் புளூடூத் உள்ளது. மேல்விளிம்புப் பொத்தான்களோடு சேர்ந்த வேறு துண்டாக இருந்தால் இல்லை. கஸ்தூரியார் வீதியில் கடைக்காரரின் முன்னால் நின்று பார்க்கும்போது இந்த ஒரு அடையாளமே போதும்.

பிளேஸ்டேசனின் டுவல்ஷொக் 4, டுவல்சென்ஸ் ஆகியனவும் கணினியோடு நன்றாகவே வேலை செய்கின்றன. ஆனால் கணினிக் கேம்களை வாங்கவும் ஓட்டவும் உதவுகின்ற ஸ்டீம் என்ற மென்பொருள் போன்ற ஒரு மொழிபெயர்ப்பாளர் இடையில் தேவைப்படும். டுவல்சென்ஸின் விசைவில் (சுட்டுவிரலால் அழுத்தும் டிரிகர்) இறுகித் தளர்கின்ற அந்த உணர்வு, பெரும்பாலும் கேபிளால் செருகினால்தான், அதுவும் ஆதரவுள்ள கேம்களில் மட்டும், கிடைக்கும்.

புதிய கொன்ட்ரோலரில் விளக்கு எரிகிறது. கேம் மட்டும் அதைக் கண்டுகொள்ளவில்லை. பழுதா?

பழுதாக இருக்க வாய்ப்புக் குறைவு. விண்டோசில் கொன்ட்ரோலர் பேசுகின்ற மொழிகள் இரண்டு. டிரெக்ட் இன்புட் என்பது பழையது. எக்ஸ் இன்புட் என்பது 2005 இல் எக்ஸ்பொக்ஸ் 360 உடன் வந்தது. இன்றைய கேம்களில் பெரும்பாலானவை இரண்டாவதையே விளங்கிக்கொள்ளும். மலிவு விலைக் கொன்ட்ரோலர்கள் பல, செருகியவுடன் பழைய மொழியில் அல்லது கைப்பேசிக்கான மொழியில் பேசத் தொடங்கிவிடுகின்றன. நடுப் பொத்தானைச் சில செக்கன்கள் அழுத்திப் பிடித்தால் பலவற்றில் மொழி மாறும், விளக்கின் நிறமோ இடமோ மாறுவதைக் கொண்டு அதனை அறியலாம். சிலவற்றில் பின்புறம் எக்ஸ், டி என்று எழுதிய சிறு சுவிச் இருக்கும். அந்தச் சுவிச்சைப் பார்க்காமலேயே மூன்று முறை கடைக்குக் கொண்டுபோய் மாற்றியவர் எங்கள் சித்தப்பா. நான்காவது முறை நான் கூடப் போனேன்.

எக்ஸ் இன்புட் ஒரே நேரத்தில் நான்கு கொன்ட்ரோலர்களையே ஏற்கும் என்பதையும் அறிந்து வைத்திருங்கள்.

கிரிக்கெட் 07 ஐ இன்றும் விளையாடுகிறோம். அதனைக் கொன்ட்ரோலரில் விளையாடலாமா?

விளையாடலாம். ஈஏ ஸ்போர்ட்ஸ் 2006 இல் வெளியிட்ட அந்தக் கேம் அதன் தொடரில் கடைசி; இருந்தும் எங்கள் ஊரில் அதற்கு ஓய்வு கொடுக்க எவரும் தயாரில்லை. அது எக்ஸ் இன்புட் பரவுவதற்கு முந்திய காலத்துப் பழக்கத்தில் எழுதப்பட்டது. எக்ஸ்பொக்ஸ் கொன்ட்ரோலரை டிரெக்ட் இன்புட் வழியாக வாசிக்கும்போது இரண்டு விசைவில்களும் ஒரே அச்சின் இரு முனைகளாகத் தெரியும் என்பதால், ஒன்றை அழுத்தினால் மற்றதைத் தளர்த்தியதுபோல் அது குழம்பும்.

கேமின் சொந்த அமைப்பை விட்டுவிட்டு ஸ்டீமைப் பயன்படுத்துவதே நான் கண்ட நேர்வழி. ஸ்டீமின் நூலகத்தில் வெளிக்கேம் ஒன்றைச் சேர்க்கும் வசதி உண்டு. அதன்மூலம் சேர்த்தபின், கொன்ட்ரோலர் அமைப்புக்குள் சென்று இடது குச்சிக்கு அம்புக்குறி விசைகளையும், நான்கு முகப்புப் பொத்தான்களுக்கு நீங்கள் விசைப்பலகையில் அடிக்கின்ற விசைகளையும் கொடுங்கள். கேம் தன்னை யாரோ விசைப்பலகையில்தான் விளையாடுவதாக நினைத்துக்கொண்டிருக்கும். கேமை நிர்வாகி அனுமதியோடு ஓட்டுபவராக இருந்தால் ஸ்டீமையும் அதே அனுமதியோடு திறக்க வேண்டும். இல்லையேல் பொத்தான்கள் எதுவும் உள்ளே போய்ச் சேரா.

மவுஸும் விசைப்பலகையும் இல்லாமல் கேமைத் திறப்பது எப்படி?

ஸ்டீமில் பிக் பிக்சர் என்றொரு முறை 2012 டிசம்பரிலிருந்து உள்ளது. 2023 இல் அதன் தோற்றத்தைக் கையடக்கக் கருவியான ஸ்டீம் டெக்கின் தோற்றத்துக்கு மாற்றினார்கள். தூரத்திலிருந்து பார்ப்பதற்கான பெரிய எழுத்துகளையும் குச்சியால் நகர்த்தக்கூடிய பட்டியல்களையும் கொண்ட இத்தகைய தோற்றத்துக்கு மென்பொருள் வடிவமைப்பாளர் வைத்திருக்கும் பெயரே பத்து அடி இடைமுகம் என்பதுதான். ஸ்டீமின் அமைப்பில், கணினி தொடங்கும்போதே அது திறக்கும்படியும் திறந்தவுடன் பிக் பிக்சருக்குப் போகும்படியும் செய்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

மீதிப் பாதி, நடுவில் திடீரெனத் தோன்றுகின்ற விண்டோஸ் பெட்டிகள். ஸ்டீம் ஓடிக்கொண்டிருக்கையில் கொன்ட்ரோலரின் நடுப் பொத்தானைப் பிடித்தபடி வலது குச்சியை அசைத்தால் எலிக்குறி நகரும்; அதே பிடியில் வலது விசைவில்லை அழுத்தினால் சொடுக்கும். இதனை அறியாமல் ஒவ்வொரு முறையும் எழுந்து அறைக்கு ஓடுபவர்கள் பலர். எனினும் கடவுச்சொல் திரைக்கும் மென்பொருள் மேம்படுத்தல்களுக்கும் தொடுபலகை சேர்ந்த சிறிய கம்பியில்லா விசைப்பலகை ஒன்று செற்றியின் கைப்பிடியில் கிடப்பது நல்லது.

எழுத்துகள் வாசிக்க முடியாத அளவு சிறிதாக உள்ளன.

மேசையில் 60 சென்ரிமீற்றரில் இருந்து பார்க்கும்போது மூன்று மில்லிமீற்றர் உயர எழுத்துப் போதுமென்றால், மூன்று மீற்றரில் அதே வசதிக்குப் 15 மில்லிமீற்றர் வேண்டும். விண்டோசில் எழுத்துப் பெருக்கத்தை 150 இலிருந்து 300 சதவீதம் வரை கூட்டலாம். கேமுக்குள் எழுத்தைப் பெரிதாக்கும் வசதி இல்லாவிட்டால் செய்வதற்கு அதிகமில்லை. வாங்கும் முன்னரே அறிய ஒரு வழி உண்டு: ஸ்டீம் டெக்கின் திரை ஏறத்தாழ 7 அங்குலம் மட்டுமே என்பதால், அதற்குச் சரிபார்க்கப்பட்டது என்று குறிக்கப்பட்ட கேம்களில் எழுத்து வாசிக்கக்கூடியதா என்பதும் சோதிக்கப்பட்டிருக்கும். கையில் ஒரு சாணில் பிடித்த சிறிய திரையில் வாசிக்க முடிவது தூரத்துப் பெரிய திரையிலும் பெரும்பாலும் வாசிக்க முடிகிறது.

படத்தின் ஓரங்கள் வெட்டுப்பட்டு, மூலையிலுள்ள ஓட்ட எண்ணிக்கை மறைந்தால் அது வேறு விடயம். பழைய குழாய்த் தொலைக்காட்சிக் காலத்து வழக்கப்படி பெட்டி படத்தைச் சற்றுப் பெருப்பித்துக் காட்டுகிறது. றிமோட்டில் படத்தின் அளவு பற்றிய பட்டியலில் ஜஸ்ட் ஸ்கான், ஸ்கிரீன் ஃபிட் போன்ற பெயரோடு இருப்பதைத் தெரிவு செய்தால் சரியாகிவிடும்.

பொத்தானை அழுத்திச் சற்றுப் பிந்தித்தான் துடுப்பு அசைகிறது. கணினி போதாதா?

முதலில் தொலைக்காட்சியைச் சந்தேகியுங்கள். நாடகமும் படமும் அழகாகத் தெரிய வேண்டும் என்பதற்காகத் தொலைக்காட்சி ஒவ்வொரு சட்டத்தையும் பிடித்து வைத்து, நிறம் திருத்தி, அசைவை மென்மையாக்கி, அதன்பிறகே காட்டுகிறது. இந்த வேலை சில பெட்டிகளில் 100 மில்லிசெக்கனையும் தாண்டும். மணிக்கு 140 கிலோமீற்றர் வேகத்தில் வருகின்ற பந்து துடுப்பாட்டக்காரரை அடைய ஏறத்தாழ அரைச் செக்கன்தான் எடுக்கிறது. அதில் ஐந்தில் ஒரு பங்கைத் தொலைக்காட்சியே தின்றுவிட்டால் கவர் டிரைவ் எப்படி விழும்?

படத்தின் அமைப்பில் கேம் மோட் என்று இருப்பதைப் போடுங்கள். 60 சட்டங்களில் ஒரு சட்டத்தின் ஆயுள் 16.7 மில்லிசெக்கன், நல்ல பெட்டி கேம் மோட்டில் அந்த ஒரு சட்டத்தின் அளவுக்கே தாமதத்தைக் குறைத்துவிடும். சில பெட்டிகளில் அந்த எச்டிஎம்ஐ வாசலுக்குப் பிசி என்று பெயர் வைத்தாலே தேவையற்ற திருத்தங்கள் நின்று எழுத்துகளும் தெளிவாகும். புதிய பெட்டிகளில் கேம் வருவதை அறிந்து தானாகவே மாறும் வசதியும் உண்டு. படம் மங்கிவிட்டது என்று வீட்டார் முறையிடுவார்கள் என்பதால், கேம் மோட் அந்த வாசலுக்கு மட்டும் பொருந்துமாறு வையுங்கள். அம்மாவின் ஏழு மணி நாடகம் பழைய நிறத்திலேயே இருக்கட்டும்.

அதன் பின்னும் தாமதம் இருந்தால் கேமுக்குள் வீசிங்க் என்ற அமைப்பை நிறுத்திப் பாருங்கள். அது கிழிந்த படத்தைத் தவிர்க்கச் சட்டங்களை வரிசையில் நிறுத்துவது. வரிசை நீண்டால் கை பிந்தும்.

கணினி அறையில், தொலைக்காட்சி ஹோலில். தூக்கிக்கொண்டு வரத்தான் வேண்டுமா?

மடிக்கணினியாயின் தூக்கிக்கொண்டு வாருங்கள், அதுவே சிறந்தது. மேசைக் கணினியாயின் இரண்டு வழிகள் உண்டு. சுவரில் துளையிட்டு நீண்ட எச்டிஎம்ஐ கேபிள் போடுவது ஒன்று. சாதாரணக் கேபிள் 5 மீற்றரைத் தாண்டினால் 4கே படம் விட்டுவிட்டு வரத் தொடங்கும், அதற்கு மேல் ஒளியிழைக் கேபிள் தேவை. மற்றது வலையமைப்பு வழியாக அனுப்புவது. அன்ரொய்ட் தொலைக்காட்சிகளில் ஸ்டீம் லிங்க் என்ற செயலியை நிறுவலாம். ஸ்டீமுக்கு வெளியேயும் வேண்டுமென்றால் கணினியில் சன்ஷைன், தொலைக்காட்சியில் மூன்லைற் என்ற இணை இருக்கிறது, இரண்டும் இலவசம்.

இந்த வழியில் கம்பியில்லா இணைப்பை நம்பி ஏமாந்தவர்களே அதிகம். பழைய யாழ்ப்பாண வீட்டின் சுண்ணாம்புக் கற்சுவர் தடிப்பானது. 5 கிகாஹேர்ட்ஸ் அலை அதனைத் தாண்டி மிகுந்த களைப்போடு வந்து சேரும், 2.4 கிகாஹேர்ட்ஸ் அலையில் பக்கத்து வீடுகளின் நெரிசல். கணினியிலிருந்து றூட்டர் வரையாவது கேபிள் போட்டுவிட்டால் பாதித் தடங்கல் நீங்கும். வலையமைப்புக் கேபிளுக்கு 100 மீற்றர் வரை தாராளம். கிணற்றடியைச் சுற்றிப் போனாலும் போதும்.

எச்டிஎம்ஐ செருகும்போது பொறி பறந்தது. கணினியின் உடலைத் தொட்டாலும் சுரீரென்கிறது. ஆபத்தா?

இதை அலட்சியப்படுத்த வேண்டாம். கணினியின் மின்வழங்கிக்குள், இரைச்சலை வடிப்பதற்காக இரு மின்கம்பிகளிலிருந்தும் உலோக உடலுக்குச் சிறு கொள்ளளவிகள் போடப்பட்டுள்ளன. அவற்றின் வழியே கசிகின்ற மிகச் சிறிய மின்னோட்டம் ஏர்த் கம்பியூடாக நிலத்துக்குப் போக வேண்டும். மூன்று பின் பிளக்கை இரண்டு பின் அடப்ரரில் போட்டுப் பழைய சுவர்ச் சொக்கற்றில் செருகினால், போக வழியின்றி உடல் முழுவதும் 230 வோல்ற்றின் பாதியளவில், அதாவது ஏறத்தாழ 115 வோல்ற்றில், மிதந்துகொண்டிருக்கும். அறையில் செருப்போடு மேசையில் இருந்தபோது இது தெரியவில்லை. ஹோலுக்குக் கொண்டுவந்து, கூரைக் கிண்ண அன்ரெனாவின் வயரோ கேபிள் ரிவியின் வயரோ பூட்டிய தொலைக்காட்சியோடு எச்டிஎம்ஐயால் தொடுத்தவுடன், அந்த வேறுபாடு முழுவதும் அந்தச் சிறிய செருகியூடாகப் பாய்கிறது.

எங்கள் வீட்டுத் தொலைக்காட்சியின் முதலாவது வாசல் இப்படித்தான் போனது. செருகும்போது நுனியில் ஒரு நீலப் பொட்டு, அவ்வளவுதான். அதன் பிறகு அந்த வாசலில் எதைச் செருகினாலும் படமில்லை. திருத்துபவர் பலகையை மாற்றச் சொன்ன விலையைக் கேட்டு இரண்டாவது வாசலோடு வாழப் பழகிக்கொண்டோம்.

செய்ய வேண்டியவை இவை. ஏர்த் உள்ள மூன்று பின் சொக்கற்றில் கணினியையும் தொலைக்காட்சியையும் ஒரே பலகையிலிருந்து பூட்டுங்கள். வீட்டில் ஏர்த் உண்மையாகவே நிலத்துக்குப் போகிறதா என்று மின்னிணைப்பாளரைக் கொண்டு சோதியுங்கள். சொக்கற்றில் துளை இருப்பதால் பின்னால் கம்பி இருக்கும் என்பதில்லை. எச்டிஎம்ஐயைச் செருகுவதும் கழற்றுவதும் இரண்டு பிளக்குகளும் சுவரிலிருந்து வெளியே இருக்கும்போது நடக்கட்டும். ஐப்பசியில் இடி தொடங்கியதும் அன்ரெனா வயரையும் கழற்றிவிடுங்கள்.

மின்வெட்டு வந்தால் என்ன செய்வது?

சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட ஊருக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்சாரம் இல்லாதிருந்ததையும் எவரும் மறக்கவில்லை. கடைகளில் விற்கின்ற 650 விஏ யூபிஎஸ்ஸின் உண்மையான வலு பெரும்பாலும் 360 வாற் அளவே. கேம் ஓடும்போது கணினி மட்டுமே அந்த அளவை நெருங்கலாம் என்பதால், அதில் தொலைக்காட்சியையும் பூட்டினால் யூபிஎஸ் ஒரு சத்தத்தோடு ஓய்ந்துவிடும். கணினியை மட்டும் அதில் பூட்டுங்கள். திரை இருண்டாலும் கணினி உயிரோடிருக்கும். கேமைச் சேமித்து நிறுத்துவதற்குச் சில நிமிடங்கள் கிடைக்கும், அதற்குச் சிறிய மொனிற்றர் ஒன்று பக்கத்தில் இருந்தால் வசதி. சேமித்துக்கொண்டிருக்கும் கணத்தில் மின்சாரம் போவதுதான் கேட்டின் மூலம்: கோப்பு பாதியில் எழுதப்பட்டு, 40 மணி நேர விளையாட்டு திறக்க மறுத்துவிடும்.

கொன்ட்ரோலரின் இணைப்பு விட்டுவிட்டு வருகிறது.

புளூடூத் செருகியைக் கணினியின் பின்புறத்தில், யூஎஸ்பி 3 வாசலில், ஒரு ஹாட் டிஸ்கின் பக்கத்தில் செருகியிருப்பீர்கள். யூஎஸ்பி 3 ஓடும்போது 2.4 கிகாஹேர்ட்ஸ் பகுதியில் இரைச்சல் எழுப்பும். புளூடூத்தும் அங்கேயே பேசுகிறது. ஒரு மீற்றர் யூஎஸ்பி நீட்டுக் கேபிள் வாங்கி, செருகியைத் தொலைக்காட்சியின் முன்விளிம்புக்குக் கொண்டுவந்தால் பெரும்பாலும் தீர்ந்துவிடும். செற்றியில் உங்களுக்கு முன்னால் எவராவது வந்து நின்றால் விடுகிறதென்றால் காரணம் அவரது உடலே. மனித உடலின் நீர் அந்த அலையை நன்றாக உறிஞ்சும்.

குச்சியைத் தொடாமலேயே ஆள் நடக்கிறார்.

குச்சியின் அடியிலுள்ள மாறும் தடை தேய்ந்துவிட்டது. உராய்ந்து உராய்ந்து அளக்கின்ற பாகம் என்பதால் தேய்வது அதன் விதி. கையில் மிக்சர் எண்ணெயோடு விளையாடுவதும், பருத்தித்துறை, குருநகர் போன்ற கரையோரத்து உப்புக் காற்றும் அதனை விரைவுபடுத்தும். அமைப்பில் செயலற்ற வலயத்தை, அதாவது குச்சி சற்று நகர்ந்தாலும் கேம் பொருட்படுத்தாத எல்லையை, சற்றுக் கூட்டினால் சில மாதங்கள் ஓடும். புதிதாக வாங்குவதாயின் ஹோல் விளைவுக் குச்சிகள் உள்ளதைக் கேளுங்கள். ஹோலில் இருந்து விளையாடுவதற்கும் இதற்கும் தொடர்பில்லை; எட்வின் ஹோல் 1879 இல் கண்டறிந்த, உயர்தரப் பௌதிகவியல் மாணவர் படித்த அதே விளைவுதான். காந்தத்தைக் கொண்டு தொடாமலே அளப்பதால் உராய்வு இல்லை.

எந்தக் கேம்களில் தொடங்கலாம்?

செற்றியின் பயனே பக்கத்தில் இன்னொருவர் இருப்பது என்பது என் எண்ணம். இட் ரேக்ஸ் ரூ என்ற 2021 ஆம் ஆண்டுக் கேமைத் தனியாக விளையாடவே முடியாது. திரை இரண்டாகப் பிரியும், ஒருவரிடம் கொன்ட்ரோலரும் மற்றவரிடம் விசைப்பலகையும் இருந்தாலும் போதும். சமையலறையில் ஓடியாடி அடுக்களை வேலை பார்க்கும் ஓவர்குக்ட் கேமில் ஒரே கொன்ட்ரோலரை இருவர் பாதி பாதியாகப் பிடிக்கலாம். அண்ணன் தங்கை உறவு அதைத் தாங்குமா என்பது வேறு. தோட்டம் செய்யும் ஸ்டார்டியூ வலி 2020 டிசம்பரிலிருந்து ஒரே திரையில் பலருக்கு இடம் தருகிறது. காரோட்டப் பந்தயங்களும் உதைபந்தாட்டமும் கொன்ட்ரோலருக்கென்றே பிறந்தவை. வலோரண்ட் கணினியில் கொன்ட்ரோலரை ஏற்பதில்லை. மவுஸை நம்பி விளையாடும் டோட்டா போன்றவற்றைச் செற்றிக்கு இழுத்து வருவதும் வீண் வேலை.

ஸ்டீம் கடைப் பக்கத்தில் கொன்ட்ரோலர் ஆதரவு முழுமையா பகுதியா என்று எழுதியிருக்கும். பகுதி என்றால் எங்கோ ஓரிடத்தில் விசைப்பலகை கேட்கும். இலங்கைக் கணக்குக்கு விலை அமெரிக்க டொலரில் வரும். பிடிக்காவிட்டால், வாங்கி 14 நாட்களுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால் பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். அந்த இரண்டு மணி நேரத்தை மேசையில் கழிக்காமல் செற்றியிலேயே கழித்துச் சோதியுங்கள்.

கனடாவிலுள்ள மச்சானோடு இதே கேமை விளையாட முடியுமா? அவரிடம் அந்தக் கேம் இல்லை.

முடியும். ஸ்டீமின் ரிமோட் பிளே டுகெதர் என்ற வசதியில், ஒரே திரையில் பலர் விளையாடும் கேம் ஒன்று உங்களிடம் இருந்தால் போதும். உங்கள் திரை அவருக்குக் காணொளியாகப் போகும், அவர் பொத்தான்கள் உங்கள் கணினிக்கு வரும். ஆனால் தூரம் இங்கே பத்து அடியல்ல. யாழ்ப்பாணத்துக்கும் ரொறன்ரோவுக்கும் நேரே அளந்தாலே 13,500 கிலோமீற்றருக்கு மேல். ஒளியிழையில் செக்கனுக்கு 2 இலட்சம் கிலோமீற்றர் வேகத்தில் போய்த் திரும்பவே 135 மில்லிசெக்கன் ஆகும், கடலடிக் கேபிள் நேரே போவதுமில்லை. கிரிக்கெட்டில் அவர் ஒவ்வொரு பந்துக்கும் போல்ட் ஆவார், பிறகு இணைப்பைக் குறை சொல்வார். வோர்ம்ஸ் போல முறை வைத்து விளையாடுபவற்றில் இந்தத் தாமதம் உறுத்தாது. உங்கள் பக்கத்தில் பதிவேற்ற வேகமே முக்கியம். பதிவிறக்க வேகத்தைப் பார்த்து மகிழ வேண்டாம். கோடையில் ஒன்பதரை மணி நேரமும் பனிக்காலத்தில் பத்தரை மணி நேரமும் அவர் பின்னால் இருப்பதால், நமது ஞாயிறு காலை அவரது சனி இரவாகப் பொருந்தும்.

இரவில் ஹெட்போன் போட்டு விளையாடலாமா?

புளூடூத் ஹெட்போனில் ஒலி பிந்தி வரும். கொன்ட்ரோலரின் அடியிலுள்ள துளையில் வயர் ஹெட்போனைச் செருகலாம். ஆனால் கொன்ட்ரோலர் புளூடூத்தில் இணைந்திருந்தால் அத்துளை கணினியோடு வேலை செய்யாது, யூஎஸ்பி கேபிளில் இருந்தால் வேலை செய்யும்.

விளையாடி முடித்தபின் எழுந்திருக்காமல் எல்லாவற்றையும் நிறுத்துவது எப்படி?

பிக் பிக்சரில் நடுப் பொத்தானை அழுத்தினால் வரும் பட்டியலின் கீழே மின்சாரம் என்ற பகுதியில் கணினியை நிறுத்தலாம். கொன்ட்ரோலரைத் தனியாக நிறுத்த மறந்தால் அது சற்று நேரம் தேடிக்கொண்டு கிடந்து பற்றரியைக் குடிக்கும். எக்ஸ்பொக்ஸ் கொன்ட்ரோலரில் நடுப் பொத்தானை ஆறு செக்கன்களும், பிளேஸ்டேசன் கொன்ட்ரோலரில் பத்துச் செக்கன்களும் அழுத்திப் பிடித்தால் விளக்கு அணையும். சுவர்ச் சுவிச்சை அணைப்பதற்கு மட்டும் எழுந்துதான் ஆக வேண்டும்.